பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை: கடல் விட்டுவைத்தவை

சென்னையிலிருந்து மூன்று நாள் விடுப்பில் வருகிறோம், எழுபது வயது கடந்த அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள், வேளாங்கண்ணியும் திருநள்ளாறும் முன்பே பார்த்தாயிற்று, பூம்புகார் தொடங்கி வேதாரண்யம் வரை கடலோரமாகப் பார்க்க வேண்டிய பழைய இடங்கள் எவை, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பொறையாற்றில் பிறந்து வளர்ந்தவன். தரங்கம்பாடிக் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். வெளியூரிலிருந்து வருகிற உறவினர்களை இந்தக் கரையெங்கும் அழைத்துப் போவது முப்பது வருடமாக எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பெரிய பெரிய கட்டடங்களை எதிர்பார்த்து இந்தக் கரைக்கு வருகிறவர்கள் முகம் வாடித் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் ஆயிரம் வருடமாக நின்ற இடத்தில் நிற்கிறது. கடலோரத்தில் அந்தக் கொடுப்பினை கிடையாது. ஆறு வண்டலைக் கொட்டி மூடுகிறது, கடல் அரிக்கிறது, புயல் சாய்க்கிறது, போதாததற்கு மனிதர்களும் இடித்திருக்கிறார்கள். பட்டினங்களாக இருந்த ஊர்களில் இன்று கண்ணுக்குத் தெரிவது மிகக் கொஞ்சம். எவையெல்லாம் போயின என்று தெரிந்துகொண்டு வந்தால்தான் அந்தக் கொஞ்சத்தின் அருமை புரியும். அதனால் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதோடு இல்லாததையும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் காட்டுங்கள்.

தை, மாசியில் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் மழையும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சித்திரைக்கு மேல் அம்மாவை மதிய வெயிலில் மணலில் நடக்க வைப்பது பாவம். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நல்ல மீன் சாப்பாட்டை மனதில் வைத்திருந்தால் அந்த 61 நாளைத் தவிர்த்துவிடுங்கள். தையில் வந்தால் கோடியக்கரையில் பறவைகளும் இருக்கும்.

முதல் நாள் காலையில் சீர்காழி வழியாகப் பூம்புகார் வந்துவிடலாம். சீர்காழியிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இங்கே எல்லாரும் போவது சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு. 1973-இல் திறக்கப்பட்ட ஏழு நிலை மாடம் அது. கண்ணகி கதை முழுவதையும் சுவர்ச் சிற்பங்களாக வடித்து வைத்திருக்கிறார்கள். கதை தெரியாத பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொல்லிக்கொடுக்க வசதி. ஆனால் அது நம் காலத்துக் கட்டடம் என்பதை மறக்க வேண்டாம். கடற்கரையில் நின்று, 'கடலுக்கடியில் நகரம் தெரியுமா?' என்று தேடுகிறவர்களும் உண்டு. 1980-களிலும் 90-களிலும் கடலாய்வாளர்கள் இங்கே கடலுக்குள் இறங்கித் தேடியிருக்கிறார்கள் என்பது உண்மை. கரையிலிருந்து பார்க்கிற நமக்கு அலையைத் தவிர எதுவும் தெரியாது.

பழைய பூம்புகாரைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியைத் திருப்பிக் கீழையூருக்குப் போங்கள். 1962-63-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டியபோது, பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய மேடை ஒன்றும், நடுவில் நட்ட மரத்தூண்களும் கிடைத்தன. படகுகள் வந்து அணையும் துறை அது. மரத்தைக் கரிமக் கணக்குப்படி ஆராய்ந்து, கிறிஸ்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்று சொன்னார்கள். இன்று சுற்றிலும் வயலும் வீடுகளுமாக இருக்கின்றன. ஒருமுறை தங்கை மகனை அழைத்துப் போயிருந்தேன். "தண்ணியே இல்லையே மாமா, படகு எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். பூம்புகாரில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். காவிரியின் கிளை ஒன்று அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. ஆறு தடம் மாறியது, வண்டல் மூடியது, துறை மண்ணுக்குள் போய்விட்டது. பக்கத்தில் பல்லவனேஸ்வரத்தில் பௌத்த விகாரை ஒன்றின் அடித்தளமும் வெளிப்பட்டிருக்கிறது. சைவர், பௌத்தர், சமணர் எல்லாரும் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்று படித்தது அந்தச் செங்கல் வரிசையைப் பார்க்கும்போது உறைக்கும்.

காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். குடகில் பிறந்து அத்தனை அணைகளையும் கால்வாய்களையும் கடந்து வந்த ஆறு, இங்கே பெரும்பாலான மாதங்களில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கித்தான் கடலைத் தொடுகிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்த நாட்களைத் தவிர்த்து வாருங்கள். பூம்புகாருக்கு அரை நாள் போதும்.

தரங்கம்பாடி போகும் வழியில் திருக்கடையூர். உங்கள் அம்மா அபிராமியைப் பார்க்காமல் விடமாட்டார். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ளும் தம்பதிகளால் முகூர்த்த நாளில் பிரகாரம் நிரம்பி வழியும். மாலை நான்கு, ஐந்து மணிக்கு மேல் போனால் நின்று நிதானமாகத் தரிசிக்கலாம். அங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம்.

இரவு எங்கே தங்குவது என்று கேட்டால் யோசிக்காமல் தரங்கம்பாடி என்பேன். பகலில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் அல்ல இது. பேருந்து நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்குத் திரும்பினால் வெள்ளை வெளேரென்று ஒரு வாயில் வரும். 1792-இல் டேனியர்கள், அதாவது டென்மார்க்காரர்கள், கட்டிய நகர வாயில். அதற்குள் நுழைந்ததும் ராஜ வீதி. நேரே கடலில் போய் முடிகிற வீதி அது. வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், அம்மாவும் நடந்துவிடலாம், மேடு பள்ளம் இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் தேவாலயங்கள், பழைய பங்களாக்கள், பள்ளிக்கூடங்கள். கடைசியில் மணற்பரப்பில் மஞ்சள் நிறத்தில் கோட்டை.

டென்மார்க்காரர்கள் இங்கே வந்த கதையே ஒரு கப்பல் விபத்தில்தான் தொடங்குகிறது. இலங்கையை நோக்கி வந்த டேனியப் படையணிக்கு முன்னோடியாக வந்த கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுகீசியர்கள் தாக்கி மூழ்கடித்தார்கள். உயிர் தப்பிக் கரையேறியவர்களில் ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். மிளகு வியாபாரத்துக்கு இன்னொரு கூட்டாளி கிடைத்தால் நல்லது என்று நாயக்கரும் நினைத்திருக்க வேண்டும். பின்னால் டேனியப் படையணித் தலைவர் ஓவே கெட்டே வந்து சேர்ந்ததும், 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டைக்கு அவர்கள் டான்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை அதற்கு அடுத்தது. 1639-க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. ஐரோப்பாவில் போர், டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பணமில்லை, இங்கே இருந்தவர்களை மறந்தே போய்விட்டார்கள். ஒவ்வொருவராக நோயில் இறந்தும் கிளம்பிப் போயும், கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரு டேனியர் மட்டும் மிஞ்சினார். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார், கடலில் கப்பல்களைப் பிடித்துச் செலவுக்குப் பணம் தேடினார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது கொடி இறங்காமல்தான் இருந்தது. முப்பது வருடம்! கோட்டையின் மேல்தளத்தில் நின்று கிழக்கே பார்த்து அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அதே இடத்தில் நின்று அவர் பாய்மரத்தைத் தேடியிருப்பார்.

கோட்டையின் மேல்தளத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. டேனிய ஆவணங்கள், பீங்கான், நாணயம், சுடுமண் பொருட்கள் எல்லாம் உண்டு. கிளம்பும் முன் விடுமுறை நாள் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தது போதுமென்று இறங்கிப் போய்விடாமல், கீழே மதிலை ஒட்டி வரிசையாக இருக்கும் வளைவுக் கூரை அறைகளுக்குள் நுழையுங்கள். சரக்கு, வெடிமருந்து, சிறைக்கைதிகள் என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் இடம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் கை வைத்தால் நடுப்பகலிலும் ஈரம் ஒட்டும். அலைச் சத்தம் உள்ளே வேறு மாதிரி கேட்கும், யாரோ பக்கத்து அறையில் மூச்சு விடுவது போல. 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவை ஊர்த் தலைமை அதிகாரிக்குப் பிடிக்காமல் போய், 1708-இன் இறுதியில் இந்தக் கோட்டையில்தான் நான்கு மாதம் அடைத்து வைத்தார்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் எனக்கு எப்போதும் மதிப்புக்குரியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறுவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அகரம் படித்தார். சில வருடங்களில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் தாளவில்லை. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கு எங்கள் பொறையாற்றிலேயே ஆலை வைத்துப் பார்த்தார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் உரிமை உண்டு.

அங்கே சிலர் 'தமிழில் முதன்முதலில் அச்சடித்த இடம் இதுதான்' என்று சொல்வார்கள். அது சரியில்லை. 1578-இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு. இந்திய மொழி ஒன்றில் முழுப் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது இங்கேதான், இடையில் நின்றுபோயிருந்த தமிழ் அச்சுக் கலைக்கு மறுபடி உயிர் வந்ததும் இங்கேதான். அந்தப் பெருமையே தாராளம். ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1719-இல் இறந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. அவர் வாழ்ந்த வீட்டையும் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் அச்சு இயந்திரத்தைப் பார்த்தால் அங்கிருந்து நகரமாட்டார்கள், கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எல்லாரையும் எழுப்பிவிடுங்கள். கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்த கோயில் இது. டேனியர் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பு. அதன் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது கோயிலின் முன்பகுதி ஏற்கெனவே கடலுக்குள் போயிருந்தது. அலை ஒதுங்கும் நேரத்தில் கற்கள் தலைகாட்டும், அதன் மேல் ஏறி நின்று தூண்டில் போடுவோம். பாட்டி பார்த்துவிட்டால் திட்டுவார், 'சாமி இருந்த இடம்டா அது' என்பார். இப்போது கரையில் கருங்கல் கொட்டித் தடுப்புப் போட்டு, எஞ்சிய சன்னிதியைத் திருப்பணி செய்திருக்கிறார்கள். சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது முதல் வெளிச்சம் அந்தச் சுவரில் விழும். ஒரு பக்கம் பாண்டியன் கோயில், ஒரு பக்கம் டேனியக் கோட்டை, நடுவில் வலை உதறும் மீனவர்கள். இந்தக் கரையில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் டேனியர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் அப்படியே உறங்கிப்போனது. அதனால்தான் இத்தனை பழைய வீடுகள் தப்பின என்று எனக்குத் தோன்றும். இன்னொன்று. தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், அதனால் உடம்புக்கு நல்லது என்று பலர் சொல்வதைக் கேட்பீர்கள். தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் கூடினால் அது நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல காற்று என்பது உண்மை, காரணம் கடல். கல் தடுப்பு உள்ள இடங்களில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம்.

இரண்டாம் நாள் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் பக்கத்தில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்விக ஊர். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், இந்த மண்ணை அவர் மிதித்ததேயில்லை. இந்தியா திரும்பியதும் காந்தியடிகள் 1915-இல் இந்தச் சிற்றூருக்கு வந்து போனார். நினைவு மண்டபம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் வயதை ஒத்த ஒரு பெண்ணின் கதை என்பதால் அவசியம் காட்டுங்கள்.

காரைக்காலில் நிறுத்துவதானால் காரைக்கால் அம்மையார் கோயிலுக்கு மட்டும் நிறுத்துங்கள். அறுபத்துமூவரில் அமர்ந்த கோலத்தில் இருப்பவர் அவர் ஒருவரே. ஆனியில் மாங்கனித் திருவிழாவன்று வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர், புதுச்சேரியோடு சேர்ந்தது. பழைய பிரெஞ்சு வீடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதற்காக நேரம் ஒதுக்க வேண்டாம்.

நாகூருக்கு மாலையில் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றில் உயரமானது 131 அடி, தஞ்சாவூர் மராத்திய அரசர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. தமக்குப் பிள்ளை பிறந்ததற்கு நேர்த்திக்கடன் என்று சொல்வார்கள். ஒரு இந்து அரசர் கட்டிய மினாரா, இரவில் கடலோடிகளுக்கு வழி காட்டியது. இங்கிருந்து கிழக்கே கப்பலேறிப் போனவர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இதே தர்காவின் நினைவாகக் கட்டடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். கந்தூரியின்போது சந்தனக்கூடு ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்களும் வரும். கடைத்தெருவில் சாயங்காலம் இறால் வைத்துப் பொரித்த வாடா கிடைக்கும். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும்.

நாகப்பட்டினத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததுதான் பெரிது. இன்றைய மலேசியா, இந்தோனேசியா பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மர், முதலாம் ராஜராஜன் காலத்தில் இங்கே ஒரு பௌத்த விகாரை கட்டத் தொடங்கினார். சைவரான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிவைத்தார். அந்தக் கொடையைப் பொறித்த செப்பேடு ஹாலந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. 21 ஏடுகள், ஏறக்குறைய முப்பது கிலோ எடை. ராஜராஜன் மகன் ராஜேந்திரன்தான் அதைச் செம்பில் பொறிக்கச் செய்தான். அதே ராஜேந்திரன் 1025-இல் அந்த ஸ்ரீவிஜயத்தின் மீதே படையெடுத்துப் போனான். வணிகமும் போரும் வழிபாடும் ஒரே கடல் வழியாகப் போய் வந்த காலம்.

விகாரை வளாகத்தின் மிச்சம் என்று கருதப்பட்ட மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. மக்கள் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், ஐரோப்பிய மாலுமிகள் சீனக் கோபுரம் என்றார்கள். 1846-இல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் வரைந்துகொண்டதால்தான் அது எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரிகிறது. அங்கே கல்லூரி நடத்தி வந்த யேசு சபையினர், அரசின் அனுமதி பெற்று 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். எத்தனை புயலைத் தாங்கிய கோபுரம்! இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. 1856 முதல் அந்தப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோதெல்லாம் வெண்கலப் புத்தர்கள் கிடைத்தார்கள். மொத்தம் முந்நூற்றைம்பது படிமங்கள். ஒன்றுகூட இன்று நாகப்பட்டினத்தில் வழிபாட்டில் இல்லை.

டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்து, 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையே இங்கே மாற்றினார்கள். பெரிய கோட்டை கட்டி அதற்கு 'ஐம்புலன்கள்' என்று பெயர் வைத்தார்கள். 1781-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டையின் தடம் இன்று இல்லை. டச்சுக் கல்லறைகளும் 1774-இல் எழுந்த தூய பேதுரு ஆலயமும் மட்டும் அவர்கள் இருந்ததற்குச் சாட்சி. கோயில்களில் காயாரோகணர், நீலாயதாட்சி சன்னிதிக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். அறுபத்துமூவரில் மீனவரான அதிபத்த நாயனார் இந்த ஊர்க்காரர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கு விட்டவர், பொன் மீன் விழுந்த நாளிலும் கடலுக்கே விட்டவர். ஆவணியில் மீனவர்கள் அவரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் அழைத்துப் போய் அந்த நிகழ்ச்சியை நடத்துகிறார்கள்.

2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் ஆழிப்பேரலையில் இறந்தார்கள். கரையோர ஊர்களில் நினைவுத் தூண்களைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அவற்றின் முன் சிரித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டாம். அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இந்தத் துறைமுகத்துக்கு அது புதுப் பழக்கம் இல்லை, விட்டுப்போன பழக்கம் திரும்பியிருக்கிறது.

மூன்றாம் நாள் தெற்கே வேதாரண்யம், நாகையிலிருந்து வேளாங்கண்ணி வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அப்பர் பாடித் திறக்கவும் சம்பந்தர் பாடி அடைக்கவும் செய்த கதவு இங்கேதான். கோயிலைப் பார்த்துவிட்டு அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போங்கள். உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நூறு தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, பதினைந்து நாள் நடந்து வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பு அள்ளிக் கைதானார். வழிநெடுகத் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மரத்தில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டவனுக்குப் போட்டவன் யாரென்று எப்படித் தெரியும்? வேதாரண்யத்தில் எல்லாவற்றுக்கும் முன்னின்ற வேதரத்தினம் பிள்ளையைச் 'சர்தார்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

அதே ஊரில் நாவிதர் வைரப்பன் என்பவருக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. வழி கேட்டுத் தேடிப் போங்கள். போலீஸ்காரர்களுக்கு முகம் மழிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். ஒருவர் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தார். பாதி மழித்தபின் அவர் போலீஸ் என்று தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். நீதிபதி மீதியையும் மழித்துவிடச் சொன்னபோது, மழிக்கும் கருவிகள் வைத்திருந்த அடைப்பப் பெட்டியை நீட்டி 'நீங்களே செய்யுங்கள்' என்றாராம். ஆறு மாதச் சிறை. தலைவர்களுக்கு எத்தனையோ சிலைகள் இருக்கின்றன, இந்தத் தூண் முன்னால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தையில் உப்பளத்தில் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை நடந்துகொண்டிருக்கும். காலால் மிதித்து மிதித்துத் தரையைச் சிமெண்டுபோல் இறுக்குவார்கள். உப்பு பூத்துக் கிடக்கும் காட்சிக்குப் பங்குனிக்கு மேல் வர வேண்டும். வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் நடங்கள், பாத்திக்குள் கால் வைத்தால் அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு கெடும்.

கோடியக்கரை அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். நாகையிலிருந்து தெற்கே நேராக வந்த கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதென்று அறிவிக்கப்பட்ட ஈரநிலம். புல்வெளியில் வெளிமான்கள், காட்டில் திரியும் மட்டக்குதிரைகள், தூரத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள். காலையிலோ மாலை நான்குக்கு மேலோ போனால்தான் வெளிமான் வெளியே வரும். பூநாரைகளைப் பார்க்கத் தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் தடம் காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. கடற்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் சொல்லும் செங்கல் குவியலைக் கேட்டுப் பாருங்கள். நான் முதலில் பார்த்தபோது அது ஆளுயரத்துக்கு மேல் நின்றது. ஆழிப்பேரலை அதையும் சாய்த்துவிட்டது.

நாலாவது நாள் கிடைத்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுப் பயணமும், மல்லிப்பட்டினம் பக்கத்தில் இரண்டாம் சரபோஜி நெப்போலியன் வீழ்ச்சியின் நினைவாகக் கட்டிய மனோராவும் இருக்கின்றன. மூன்று நாளுக்குள் இவற்றையும் திணிக்காதீர்கள்.

சென்னை திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வெண்கலப் படிமக் கூடத்தில் 'நாகப்பட்டினம்' என்று எழுதிய அட்டைகளைத் தேடச் சொல்லுங்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத சில புத்தர்கள், சுடர் முடியோடு நின்றுகொண்டிருப்பார்கள். நீங்கள் இரண்டாம் நாள் மாலை நின்ற மண்ணுக்கு அடியில் நூற்றாண்டுகளாகக் கிடந்தவர்கள் அவர்கள்.